ஆறு பெண்களைப் பெற்ற அரசர்

ஐந்து பெண்ணைப் பெற்றால் அரசனும் ஆண்டியாவான் என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஜெர்மானிய மண்ணில் வாழ்ந்த ஒருவருக்கு இது தலைகீழாக நடந்தது. அவருக்கு ஆறு பெண்கள். அவர் ஆண்டியாகவில்லை, சிறியதொரு கோட்டையின் உரிமையாளராக இருந்தவர் அரசரானார். அந்த அரியணையில் அவரைத் தாங்கிப் பிடித்தவர்கள் அவருடைய மருமகன்கள். ஆனால் ஆண்பிள்ளைகளுக்குச் சொத்தைப் பிரித்துக் கொடுத்தபோது அவர் ஒரு வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கு நிறைவேறவில்லை. அதற்கு அவர் குடும்பம் கொடுத்த விலை பெரிது.

அவர் பெயர் ருடோல்ஃப். ஹப்ஸ்பர்க் குடும்பத்தின் நான்காம் ருடோல்ஃப் என்றும், ஜெர்மானிய அரசர்களின் வரிசையில் முதலாம் ருடோல்ஃப் என்றும் வரலாறு அவரை அழைக்கிறது. ஹப்ஸ்பர்க் என்ற சொல் நமக்கு முற்றிலும் புதியதல்ல. 1914-இல் சரயேவோவில் சுட்டுக் கொல்லப்பட்டு, முதல் உலகப் போருக்குக் காரணமானாரே ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் பெர்டினாண்ட், அவர் பிறந்த பரம்பரையின் பெயர்தான் அது. அந்தப் பரம்பரை ஆஸ்திரியாவில் காலூன்றியது ருடோல்ஃபால்.

கோட்டையும் குடும்பமும்

இன்றைய சுவிட்சர்லாந்தின் ஆர்காவ் மாநிலத்தில், ஆரே ஆற்றங்கரையை ஒட்டிய குன்றொன்றில் ஹப்ஸ்பர்க் கோட்டை இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராட்போட் என்பவர் அதைக் கட்டினார். கோட்டை என்றதும் அகழியும் ஆயிரம் தூண்களும் மனத்தில் தோன்ற வேண்டாம். ஒரு கோபுரம், சில கட்டடங்கள், சுற்றிலும் ஒரு மதில், அவ்வளவுதான். இதன் உரிமையாளர்களை ஜெர்மன் மொழியில் கிராஃப் என்பார்கள், ஆங்கிலத்தில் கவுண்ட் என்பார்கள். தமிழில் குறுநில மன்னர் என்று சொன்னால் ஏறக்குறையப் பொருந்தும். மேலே அரசர் உண்டு, பேரரசர் உண்டு. ஆனால் தம் நிலத்தில் வரி வாங்குவதும் வழக்குத் தீர்ப்பதும் படை திரட்டுவதும் இவர்கள் உரிமை.

1218 மே 1-ஆம் நாள் ருடோல்ஃப் பிறந்ததாக மரபு. தந்தை நான்காம் ஆல்பிரெக்ட். தாய் கீபுர்க் என்ற பக்கத்துக் குறுநிலக் குடும்பத்துப் பெண் ஹெயில்விக். பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் குழந்தைக்கு ஞானத்தந்தையாக இருந்தார் என்பார்கள். பாட்டனார் 1232-இல் இறந்ததும் சொத்து இரண்டாகப் பிரிந்தது. ருடோல்ஃபின் தந்தைக்கு ஒரு பங்கு, சிற்றப்பாவுக்கு ஒரு பங்கு. சிற்றப்பாவின் வழியினர் லாஃபன்பர்க் கிளை எனத் தனிக்குடும்பமாயினர். ஏற்கெனவே சிறிய சொத்து, பிரிந்ததும் இன்னும் சிறியதாயிற்று. பாகப்பிரிவினை ஒரு குடும்பத்தை எப்படி இளைக்க வைக்கும் என்பதை ருடோல்ஃப் பதினான்கு வயதிலேயே கண்ணால் பார்த்துவிட்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1239-இல் தந்தை சிலுவைப் போருக்குப் புறப்பட்டுப் போனார். திரும்பி வரவில்லை. இருபத்தொரு வயதுக்குள் குடும்பப் பொறுப்பு ருடோல்ஃபின் தலையில் விழுந்தது.

அடுத்த முப்பது ஆண்டுகள் அவர் செய்ததெல்லாம் சண்டையும் சேர்ப்பும்தான். பக்கத்து ஆயர்களோடு சண்டை, உறவினர்களோடு சண்டை, நகரங்களோடு சில சமயம் நட்பு, சில சமயம் பகை. போப்புக்கும் பேரரசர் குடும்பத்துக்கும் நடந்த நெடும்பகையில் அவர் பேரரசர் பக்கம் நின்றார். பாசல் நகரில் நடத்திய இரவுத் தாக்குதலில் கன்னியர் மடமொன்று எரிந்தது. அதற்காக 1254-ஐ ஒட்டிப் போப் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கி வைத்தார். பிற்காலத்தில் இதே மனிதரைப் பற்றி வேறொரு கதை பரவியது. வேட்டைக்குப் போன ருடோல்ஃப், நோயாளிக்குத் திருவிருந்து கொண்டு சென்ற பாதிரியார் ஓடையைக் கடக்க முடியாமல் நிற்பதைப் பார்த்துத் தம் குதிரையையே கொடுத்துவிட்டாராம். ஜெர்மானியக் கவிஞர் ஷில்லர் 1803-இல் இதைக் கதைப்பாடலாக எழுதிப் புகழ்பெறச் செய்தார். மடம் எரிந்த செய்தி மங்கிப்போய், குதிரை கொடுத்த கதை நிலைத்துவிட்டது. வென்றவர்களுக்கு வாய்க்கும் வசதிகளில் இதுவும் ஒன்று.

1250-களின் தொடக்கத்தில் ஹோகன்பர்க் குடும்பத்தைச் சேர்ந்த கெர்ட்ரூடை அவர் மணந்தார். சீதனமாக அல்சாஸ் பகுதியில் நிலங்கள் வந்தன. அதைவிடப் பெரிய வரவு தாய்வீட்டு வழியில் கிடைத்தது. தாயாரின் பிறந்தகமான கீபுர்க் குடும்பத்தில் 1263-இல் இளையவர் இறந்தார். 1264-இல் மூத்தவரும் இறந்தார். எஞ்சியவர்கள் ஒரு விதவையும் ஒரு சிறுமியும். சிறுமி ஆனாவுக்குப் பாதுகாவலராக நின்றவர் ருடோல்ஃப். விதவை மார்கரெட், சவாய் குடும்பத்துப் பெண். தம் பங்கைக் கேட்டார். சவாய்க்காரர்கள் அவருக்காகப் படையெடுத்தும் பார்த்தார்கள். ருடோல்ஃப் விட்டுக்கொடுக்கவில்லை. 1273-இல் ஆனாவைத் தம் லாஃபன்பர்க் உறவினர் ஒருவருக்கே மணமுடித்து வைத்து, அந்தத் தம்பதியரிடமிருந்து பல ஊர்களை விலைக்கு வாங்கிக்கொண்டார். பாதுகாவலர் என்ற சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டு என்பதை இங்கே கவனிக்கலாம்.

ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தார்கள்?

1254-இல் அரசர் நான்காம் கான்ராட் இறந்த பிறகு ஜெர்மானிய நாட்டுக்கு முறையான தலைமை இல்லை. 1257-இல் ஒரே சமயத்தில் இருவர் தேர்வானார்கள். ஒருவர் இங்கிலாந்து மன்னரின் தம்பி ரிச்சர்ட். அவர் எப்போதாவது வந்து போனார். மற்றவர் ஸ்பெயினின் காஸ்டில் நாட்டு மன்னர் அல்ஃபோன்சோ. அவர் வரவே இல்லை. நிலத்தை அவரவர் பிடித்துக்கொண்டார்கள். 1272-இல் ரிச்சர்ட் இறந்ததும், ஒழுங்காக ஓர் அரசரைத் தேர்ந்தெடுங்கள் என்று போப் பத்தாம் கிரகரி நெருக்கினார்.

தகுதியும் செல்வமும் மிக்கவர் போகீமியா நாட்டு மன்னர் ஓட்டோகர். இன்றைய செக் நாடு அவருடையது. அத்துடன் ஆஸ்திரியா, ஸ்டைரியா, கரிந்தியா ஆகியவற்றையும் பிடித்து வைத்திருந்தார். அவரைத் தேர்ந்தெடுக்காததற்கு அந்த வலிமையே காரணம். அரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற இளவரசர்களும் பேராயர்களும் தங்கள் தலைக்கு மேல் வலிய கை ஒன்று வருவதை விரும்பவில்லை. ருடோல்ஃபுக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து. மிகச் சிறியவரும் அல்லர், அச்சமூட்டும் அளவுக்குப் பெரியவரும் அல்லர். நாலைந்து ஆண்டு இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவர்கள் நினைத்திருந்தால் வியப்பில்லை. பாசல் நகரை முற்றுகையிட்டுக்கொண்டிருந்த வேளையில் அவருக்குச் செய்தி வந்தது. 1273 அக்டோபர் 1-இல் ஃபிராங்பர்ட் நகரில் தேர்தல். அக்டோபர் 24-இல் ஆகென் நகரில் முடிசூட்டு விழா. அதுவரை எதிர்த்து நின்ற பாசல், கதவைத் திறந்துவிட்டது.

முடிசூட்டு விழாவை ஒட்டியே இரண்டு திருமணங்களும் நடந்தன. மூத்த மகள் மடில்டா, மேல் பவேரியாவின் கோமகன் லுட்விக்குக்கு. இன்னொரு மகள் ஆக்னெஸ், சாக்சனிக் கோமகன் ஆல்பிரெக்டுக்கு. மாப்பிள்ளைகள் இருவரும் யார் தெரியுமா? சில நாட்களுக்கு முன்பு ருடோல்ஃபுக்கு வாக்களித்தவர்கள். வாக்குக்குக் கைம்மாறாகப் பெண் கொடுத்தார் என்று வெளிப்படையாகவே சொல்லலாம். இந்த லுட்விக், ஒழுக்கம் தவறினாள் என்ற ஐயத்தில் தம் முதல் மனைவி மரியாவை 1256-இல் கொல்ல வைத்தவர். மடில்டா அவருக்கு மூன்றாம் தாரம். அந்தப் பெண்ணின் மனம் என்னவாக இருந்தது என்பதை எந்த ஆவணமும் சொல்லவில்லை. ஆவணங்கள் சொல்வதெல்லாம் சீதனக் கணக்கையும் மணநாளையும்தான். பிற்காலத்தில் பேரரசரான பவேரியா லுட்விக் அவர் வயிற்றில் பிறந்தவர்.

கேத்தரினா கீழ் பவேரியாவுக்கு வாழ்க்கைப்பட்டு 1282-இல் இளவயதிலேயே இறந்தார். ஹெட்விக் பிராண்டன்பர்க் குடும்பத்துக்குச் சென்றார். கிளெமென்சியா ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி நேப்பிள்ஸ் இளவரசர் சார்ல்ஸ் மார்ட்டலை 1281-இல் மணந்தார். அவருடைய மகன் ஹங்கேரிக்கு மன்னரானார், மகள் பிரான்சுக்கு அரசியானார். கடைக்குட்டி குட்டாவின் கதையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். அதற்கு முன் ஓட்டோகரிடம் வருவோம்.

போர்க்களமும் சம்பந்தமும்

ஆளில்லாத காலத்தில் பிடிக்கப்பட்ட பேரரசு நிலங்களையெல்லாம் திருப்பித் தர வேண்டும் என்று புதிய அரசர் ஆணையிட்டார். இந்த ஆணை யாரைக் குறிவைத்தது என்பது எல்லாருக்கும் தெரியும். ஓட்டோகர் ருடோல்ஃபை அரசராக ஏற்கவே இல்லை, அழைத்தும் வரவில்லை. 1276-இல் ருடோல்ஃப் படையுடன் வியன்னாவை வளைத்தார். ஓட்டோகரின் சொந்த மண்ணிலேயே பிரபுக்கள் அவருக்கு எதிராகத் திரும்பியதால் அவர் பணிய வேண்டியதாயிற்று. ஆஸ்திரியாவையும் பிற நாடுகளையும் விட்டுக்கொடுத்து, போகீமியாவையும் மொராவியாவையும் மட்டும் ருடோல்ஃபிடமிருந்து மண்டியிட்டுப் பெற்றுக்கொண்டார். பொன்னும் மணியும் பூண்டு வந்த மன்னர், பழைய சாம்பல்நிறச் சட்டையில் உட்கார்ந்திருந்த முதியவர் முன் மண்டியிட்டார் என்று கதை சொல்வார்கள்.

அந்த அவமானம் இரண்டே ஆண்டில் வெடித்தது. 1278 ஆகஸ்ட் 26-இல் வியன்னாவுக்கு வடகிழக்கே டூர்ன்குருட் என்ற ஊரருகே இரு படைகளும் மோதின. ருடோல்ஃபுக்கு வயது அறுபது. ஹங்கேரி மன்னரும் அவருடைய குமானியக் குதிரை வில்லாளிகளும் அவருக்குத் துணை. போரின் நடுவே ருடோல்ஃபின் குதிரை வீழ்ந்தது; அவர் தரையில் கிடந்தார். தூர்காவ் பகுதியைச் சேர்ந்த வீரர் ஒருவர் அவரைக் காப்பாற்றி வேறு குதிரையில் ஏற்றினார். அதன்பின், மறைத்து வைத்திருந்த ஒரு சிறு குதிரைப்படை திடீரெனப் பக்கவாட்டில் பாய்ந்தது. மறைந்திருந்து தாக்குவது வீரத்துக்கு இழுக்கு என்று கருதப்பட்ட காலம் அது. அந்தப் படைக்குத் தலைமை தாங்கியவர் தம் தோழர்களிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார் என்பது செவிவழிச் செய்தி. ஓட்டோகர் படை சிதறியது. தப்பி ஓடும்போது அவரைத் தனிப்பகை கொண்டவர்கள் கொன்றார்கள்.

எதிரியைக் கொன்ற பிறகு ருடோல்ஃப் செய்ததுதான் அவருடைய முத்திரை. போகீமியாவைப் பறிக்கவில்லை; சம்பந்தம் பேசினார். ஓட்டோகரின் மகன் வென்செஸ்லாஸுக்கு அப்போது ஏழு வயதுகூட நிரம்பவில்லை. அவனுக்குத் தம் மகள் குட்டா. ஓட்டோகரின் மகள் ஆக்னெஸுக்குத் தம் இளைய மகன், தந்தையின் பெயரையே கொண்ட இளைய ருடோல்ஃப். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். தந்தையைக் கொன்ற வீட்டிலிருந்து மருமகள் வந்தாள். அதே வீட்டுக்கு மகள் போனாள். குட்டாவின் திருமணம் 1285-இல் நடந்தது. பத்துப் பிள்ளைகளைப் பெற்றார். 1297 ஜூன் 2-இல் கணவருடன் பிராக் நகரில் முடிசூடினார். பதினாறாம் நாள் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. புகழ்பெற்ற பேரரசர் நான்காம் சார்ல்ஸ் அவருடைய மகள்வழிப் பேரர்.

கொடுத்த வாக்கு

1281-ஆம் ஆண்டு ருடோல்ஃபுக்கு நல்ல ஆண்டாக அமையவில்லை. பிப்ரவரியில் மனைவி இறந்தார். அரசியானபோது கெர்ட்ரூட் என்ற பெயரை ஆனா என மாற்றிக்கொண்டவர் அவர். குழந்தைப் பருவத்திலேயே இறந்த மகன் கார்லுடன் அவர் பாசல் பெருங்கோயிலில் அடக்கம் செய்யப்பட்டார். டிசம்பரில் இன்னொரு இழப்பு. நடுமகன் ஹார்ட்மன் தந்தையின் செல்லம். இங்கிலாந்து மன்னர் எட்வர்டின் மகளை அவனுக்கு நிச்சயித்திருந்தார்கள். பதினெட்டு வயதில், ரைன் ஆற்றில் படகு கவிழ்ந்து மூழ்கினான். அவனையும் தாயோடு பாசலிலேயே வைத்தார்கள்.

மிஞ்சிய மகன்கள் இருவர்: மூத்தவர் ஆல்பிரெக்ட், இளையவர் ருடோல்ஃப். 1282 டிசம்பரில் ஆக்ஸ்பர்க் நகரில், ஓட்டோகரிடமிருந்து மீட்ட ஆஸ்திரியாவையும் ஸ்டைரியாவையும் இருவருக்கும் சேர்த்தே வழங்கினார். ஆறே மாதத்தில் ஏற்பாடு மாறியது. இரண்டு தலைவர்கள் வேண்டாம், ஒருவரே ஆளட்டும் என்று ஆஸ்திரியப் பிரபுக்கள் கேட்டார்கள். 1283 ஜூன் 1-இல் ரைன்ஃபெல்டன் ஒப்பந்தப்படி முழு உரிமையும் ஆல்பிரெக்டுக்குப் போனது. இளையவருக்கு வேறொரு நாடோ அதற்கு ஈடான பணமோ தரப்படும் என்றும், நான்கு ஆண்டுக்குள் அது நடக்கும் என்றும் எழுதினார்கள்.

பாட்டனார் வழிச் சொத்து இரண்டானதைச் சிறுவயதில் பார்த்தவர் அல்லவா? பிரிக்காமல் விட வேண்டும் என்ற அவருடைய எண்ணத்தில் நியாயம் இருக்கிறது. ஹப்ஸ்பர்க் குடும்பம் பின்னர் அடைந்த வளர்ச்சிக்கு அந்த முடிவும் ஒரு காரணம். ஆனால் ஈடு எங்கே? நான்கு ஆண்டு போயிற்று, ஏழு ஆண்டு போயிற்று. கரிந்தியா கையில் இருந்தது. 1286-இல் அதை ஆல்பிரெக்டின் மாமனார் டிரோல் மைன்ஹார்டுக்குக் கொடுத்தார். போரில் துணை நின்றவருக்குச் செய்த கைம்மாறு அது. சம்பந்திக்கு நாடு கிடைத்தது, சொந்த மகனுக்குக் கிடைக்கவில்லை. இளைய ருடோல்ஃப் 1290 மே மாதம் பிராக் நகரில், இருபது வயதை ஒட்டிய பருவத்தில், வெறுங்கையோடு இறந்தார். தகப்பன் முகம் அறியாத யோஹான் என்ற மகன் மட்டும் மிஞ்சினான்.

முதியவரின் இறுதி ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அறுபத்தாறாம் வயதில், 1284-இல், பர்கண்டி குடும்பத்துப் பதினான்கு வயதுப் பெண் இசபெல்லாவை மணந்தார். ரோமுக்குப் போய்ப் பேரரசராக முடிசூட வேண்டும் என்ற ஆசை கடைசிவரை நிறைவேறவில்லை. இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் காவியத்தில், மறுவுலக மலைச்சாரலில் தம் கடமையை நழுவவிட்டவராக ருடோல்ஃபை உட்கார வைத்திருக்கிறார். மற்றவர்கள் பாட, இவர் வாய் திறக்காமல் இருக்கிறார். பக்கத்தில் அமர்ந்து ஆறுதல் சொல்பவர் ஓட்டோகர். 1291 மே மாதம் ஆல்பிரெக்டை அடுத்த அரசராக்கும்படி கேட்டார், இளவரசர்கள் மறுத்துவிட்டார்கள். நோய் முற்றியதை உணர்ந்ததும், முந்தைய அரசர்கள் உறங்கும் ஷ்பையர் நகருக்குத் தாமே குதிரையேறிப் போனார். மறுநாள், 1291 ஜூலை 15-இல், அங்கே இறந்தார். கல்லறைக்கான சிலையை உயிரோடு இருக்கும்போதே செதுக்க வைத்திருந்தார். அரசர் முகத்தில் புதிய சுருக்கம் விழுந்ததாகக் கேள்விப்பட்டால் சிற்பி நேரில் போய்ப் பார்த்து வந்து கல்லிலும் அதைச் சேர்ப்பாராம். நீண்ட மூக்கும் கவலை தோய்ந்த முகமுமாக அந்தக் கல் இன்றும் ஷ்பையர் பேராலயத்தில் இருக்கிறது.

பேரன்

யோஹான் வளர்ந்தான். தாயும் 1296-இல் இறந்தார். பெரியப்பா ஆல்பிரெக்ட் 1298-இல் போட்டியாளர் நாசாவ் அடால்ஃபைப் போரில் வீழ்த்தி அரசரானார். கண்ணொன்றை இழந்தவர், கண்டிப்பானவர், காரியக்காரர். பருவம் வந்த யோஹான், தந்தைக்குத் தர வேண்டிய ஈட்டைக் கேட்டான். பொறு என்றார். மீண்டும் கேட்டான். மீண்டும் பொறு என்றார். ஆல்பிரெக்டுக்குப் பல மகன்கள். அவர்களுக்கு வழி செய்வதிலேயே அவர் கவனம் இருந்தது. நாடற்ற யோஹான் என்று ஊர் அவனைக் கேலி செய்தது.

1308 மே 1. பாட்டனாரின் பிறந்தநாள் என்று மரபு சொல்லும் அதே நாள். ஆல்பிரெக்ட் தம் மனைவியைச் சந்திக்கப் போய்க்கொண்டிருந்தார். விண்டிஷ் என்ற இடத்தில் ராய்ஸ் ஆற்றைக் கடக்க வேண்டும். யோஹானும் அவனுடைய கூட்டாளிகளான பிரபுக்களும் அரசரோடு முதல் படகில் ஏறிக்கொண்டார்கள், காவலர்கள் பின்தங்கினார்கள். அக்கரையில் அவரை வெட்டிச் சாய்த்தார்கள். ஹப்ஸ்பர்க் கோட்டை அங்கிருந்து நடந்து போகும் தொலைவுதான்.

யோஹானுக்குத் தந்தையைக் கொன்றவன் என்ற பொருளில் பாரிசிடா எனப் பெயர் விழுந்தது. பெரியப்பாவும் அப்பாதான் என்பது நமக்கு விளக்க வேண்டாத செய்தி. லத்தீன் மொழியும் அந்த ஒரு சொல்லில் அப்படியே கருதிவிட்டது. அவன் தப்பி ஓடினான். இத்தாலியில் பைசா நகர மடமொன்றில் அவன் வாழ்வு முடிந்தது என்பார்கள். கூட்டாளிகளில் ருடோல்ஃப் வார்ட் என்பவர் மட்டும் பிடிபட்டார். சக்கரத்தில் கட்டி எலும்புகளை முறித்தார்கள். அவர் உயிர் போகும்வரை மனைவி கீழே மண்டியிட்டு உடனிருந்ததாகச் சொல்லப்படுகிறது.

கொலை நடந்த இடத்தில் ஆல்பிரெக்டின் மனைவி எலிசபெத் ஒரு மடம் எழுப்பினார். அரசர் களம் என்ற பொருளில் அதன் பெயர் கோனிக்ஸ்ஃபெல்டன். மகள் ஆக்னெஸ், ஹங்கேரி மன்னரின் விதவை, அங்கேயே தங்கி 1364-இல் இறக்கும்வரை அதை நடத்தினார். தந்தையின் சாவுக்காக ஆயிரம் பேரைக் கொல்ல வைத்தார் என்று பிற்காலக் கதைகள் அவர்மேல் பழி சுமத்தின. ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. பிணக்குகளைத் தீர்த்து வைக்கப் பலமுறை அழைக்கப்பட்ட நடுவர் என்றே ஆவணங்கள் அவரைக் காட்டுகின்றன.

1309-இல் புதிய அரசர் ஏழாம் ஹென்றி, ஆல்பிரெக்டின் உடலை ஷ்பையருக்குக் கொண்டுவந்து தந்தை ருடோல்ஃப் உறங்கும் பேராலயத்தில் அடக்கினார். ஆல்பிரெக்டால் வீழ்த்தப்பட்ட நாசாவ் அடால்ஃபையும் அதே நாளில் அங்கே கொண்டுவந்து வைத்தார். ஆஸ்திரியா 1918 வரை ஹப்ஸ்பர்க் குடும்பத்திடம் இருந்தது. ஆரே ஆற்றங்கரைக் குன்றின்மேல் இருந்த பழைய கோட்டையை மட்டும் 1415-இலேயே பெர்ன் நகரத்தார் எடுத்துக்கொண்டார்கள்.